ஆய்வகத்தில் ஈ ஓட்டுவது எப்படி?

பழ ஈ ஆராய்ச்சிக்கு வந்திருக்கும் உங்களுக்கு வாழ்த்துகள்! கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் 16 அடிக்கு 23 அடி அறையில் எட்டு மேசைகளை நெருக்கிப் போட்டு, பால் பாட்டில்களில் டிரோசோபிலா என்ற இந்தப் பழ ஈயை வளர்த்தார். 1910இல் சிவப்புக் கண் கூட்டத்துக்கு நடுவே வெள்ளைக் கண்ணோடு ஓர் ஆண் ஈ வந்தது. 1933இல் அவருக்கு நோபல் வந்தது. அதன் பிறகு இதே ஈயை வைத்து 1946, 1995, 2011, 2017 என்று நோபல்கள் வந்துகொண்டே இருக்கின்றன.

அந்த வரிசை உங்கள் ஆய்வகத்து வாசலோடு நிற்க வேண்டும். வழி எளிது. ஆராய்ச்சியை மதியுங்கள், ஈ வளர்ப்பை மதிக்காதீர்கள். கீழே உள்ள படிகளில் பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். மீதியையும் முறையாகப் பழகிக்கொள்ளுங்கள்.

1. இது யார் வேலை என்று முடிவு செய்யாதீர்கள்

ஈக்குச் சோறு போடுவது யார் என்று சுவரில் எழுதி ஒட்டாதீர்கள். "எல்லாரும் பாத்துக்கணும்" என்று கைடு பொதுவாகச் சொன்னால் போதும். எல்லாருடைய வேலையும் யாருடைய வேலையும் இல்லை. கட்டாயம் வந்தால், புதிதாகச் சேர்ந்த எம்.எஸ்சி. புராஜெக்ட் மாணவியின் தலையில் கட்டுங்கள். சொல்லிக் கொடுக்காதீர்கள். "ஈதானேம்மா, தானா வளரும்" என்று தைரியம் மட்டும் கொடுங்கள். அடுக்களை வாழைப்பழத்தில் கூப்பிடாமலே வந்து குடியேறும் பிராணிக்குப் பயிற்சி எதற்கு? அடுக்களை ஈக்கு வம்சாவளி தேவையில்லை, குப்பியில் இருக்கும் ஈக்கு அதுதான் எல்லாம் என்பதை அவளே ஒருநாள் கண்டுபிடிப்பாள். அதற்குள் அவளுடைய புராஜெக்ட் முடிந்திருக்கும்.

2. மீடியாவைக் கண்ணளவில் காய்ச்சுங்கள்

மீடியா என்பது ஈயின் சோறு. மைசூர் பல்கலைக்கழகத்து முறைப்படி ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் ரவை, 100 கிராம் வெல்லம், 10 கிராம் அளவுக்கு அகார், பூஞ்சை வராமல் இருக்க 7.5 மில்லி புரோப்பியானிக் அமிலம். தராசு எதற்கு? ரவையும் வெல்லமும்தானே, கேசரி கிண்டியவர் கைக்குத் தெரியாததா? அகார் குறைந்தால் குப்பியைக் கவிழ்க்கும்போது சோறும் ஈயும் சேர்ந்து மேசைக்கு வரும். கூடினால் மீடியா காய்ந்து சுவரை விட்டுப் பிரியும். அந்த இடுக்கில் இறங்கிய ஈ திரும்ப வராது.

அமிலத்தைச் சூடு தணிந்த பிறகு சேர்க்கச் சொல்வார்கள். நீங்கள் தளதளவென்று கொதிக்கும்போதே ஊற்றிவிடுங்கள். பாதி ஆவியாகிப் போகும், அறையில் எல்லாருக்கும் கண் எரியும், வேலை நடப்பது கைடுக்கும் தெரியவரும். அடுத்த முறை அந்தக் குறையைச் சரிக்கட்ட இரண்டு மடங்காக ஊற்றுங்கள். பூஞ்சையோடு புழுவும் வராது.

ஊற்றிய குப்பிகளை இரவு முழுக்கத் திறந்தபடி ஆற விடுங்கள். மேலே மெல்லிய துணி போர்த்துவது பயந்தவர்கள் செய்வது. கேன்டீன் வாழைத்தாரிலிருந்து வரும் ஊர் ஈக்கள் உங்கள் குப்பிகளில் முட்டையிட்டுப் போகும். நீங்கள் எந்த ஸ்டாக்கை, அதாவது எந்த வம்சத்து ஈயை விட்டாலும் அதில் இவற்றின் பிள்ளைகளும் இருக்கும். துணி போடச் சொல்லி யாராவது வற்புறுத்தினால், சூட்டோடு சூடாகப் பஞ்சை அடைத்துவிடுங்கள். உள்சுவரில் நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். உள்ளே விழும் ஈயின் இறக்கை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அது ஆறு காலையும் உதைத்துப் பார்த்து, மாலைக்குள் அடங்கிவிடும்.

3. லேபிளை நம்பிக்கையோடு எழுதுங்கள்

ஸ்பிரிட் பட்டால் அழியும் மார்க்கரைத் தேர்ந்தெடுங்கள். நாள் முழுக்க ஸ்பிரிட்டில் துடைக்கும் மேசையில் அதைவிடப் பொருத்தமானது கிடையாது. எழுதுவதைக் குப்பியில் எழுதாமல் பஞ்சு அடைப்பில் குத்திய சீட்டில் எழுதுங்கள். பத்துக் குப்பிகளை ஒரே நேரத்தில் திறக்கும்போது அடைப்புகள் தமக்குப் பிடித்த குப்பிக்கு மாறிக்கொள்ளும். மரபுக்குறியீட்டை முழுதாக எழுத வேண்டாம். "புதுசு", "சார் கேட்டது", "இதுதான் அது" என்று எழுதினால் எழுதியவருக்கு விளங்கும், அதுவும் அந்த வாரம் மட்டும். தேதி போடாதீர்கள். தேதி இருந்தால் எவ்வளவு நாள் கவனிக்கவில்லை என்று கணக்குப் பார்த்துவிடுவார்கள்.

4. வெப்பநிலையைக் காலநிலையிடம் ஒப்படையுங்கள்

25 டிகிரியில் முட்டையிலிருந்து ஈ வரப் பத்து நாள். ஒரு நாளில் முட்டை பொரியும். புழு மூன்று பருவம் வளரும். பிறகு சோற்றை விட்டுச் சுவரேறிக் கூட்டுப்புழுவாகும். நாலைந்து நாளில் ஈ வெளிவரும். 18 டிகிரியில் இதே பயணத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நாள் ஆகும். இந்த ஒழுங்கு உங்களைக் கட்டுப்படுத்தக் கூடாது. பகலில் ஏசி ஓடும், இரவில் அணைத்துவிடும் அறையில் குப்பிகளை அடுக்குங்கள். எந்த ஈ என்று வரும் என்று உங்களுக்கும் தெரியாது, ஈக்கும் தெரியாது.

இன்குபேட்டர் வைத்திருப்பவர்கள் முன்பக்கம் ஒளிரும் எண்ணை வேதவாக்காகக் கொள்ளுங்கள். உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டர் வைத்துச் சரிபார்ப்பது கருவியை அவமதிப்பதாகும். மே மாதத்தில் கரண்ட் போனால் போகட்டும். ஜெனரேட்டர் இணைப்பு கைடு அறை ஏசிக்கு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. 30 டிகிரியைத் தாண்டிய சூட்டில் வளர்ந்த ஆண் ஈக்கள் மலடாகும். அவை பறக்கும், உண்ணும், பெண்ணைத் துரத்தும், பிள்ளை மட்டும் வராது. இரண்டு வாரம் காத்திருந்துவிட்டு "இந்த மரபணு இனப்பெருக்கத்துக்கு இன்றியமையாதது" என்று குறித்துக்கொள்ளுங்கள்.

5. மாற்றுவதைத் தள்ளிப்போடுங்கள்

வளர்ந்த ஈக்களைப் புதுச் சோற்றுக்குத் தட்டி மாற்ற ஐந்து நிமிடம் ஆகும். ஐந்து நிமிட வேலையை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்பதால் எப்போதும் செய்ய வேண்டியதில்லை. பழைய சோறு முதலில் கூழாகும், பிறகு கறுக்கும், பிறகு மணக்கும். நெரிசலில் வளரும் புழுக்கள் அரைவயிற்றோடு கூடு கட்டிச் சின்ன ஈக்களாக வெளிவரும். அளவுகோலை எடுங்கள்: உடல் அளவைக் குறைக்கும் மரபணு கிடைத்துவிட்டது!

ஆணையும் பெண்ணையும் இணையவிட்டுக் கிராஸ் போட்ட பாட்டிலில் புழு தெரிந்ததும் பெற்றோரை வெளியேற்றச் சொல்வார்கள். நம் பண்பாட்டில் பெற்றோரை வெளியேற்றுவதில்லை. அவர்களும் இருக்கட்டும். அப்படியே மூன்றாம் வாரம் வரை எண்ணிக்கொண்டிருந்தால் பேரப்பிள்ளைகளும் கணக்கில் வந்து சேர்வார்கள். மூன்று தலைமுறையை ஒரே தலைமுறையாக எண்ணி வரும் விகிதத்தை மெண்டல் வந்தாலும் விளக்க முடியாது.

6. மயக்குவதில் தாராளம் காட்டுங்கள்

ஈதர் கொடுத்து ஈ விழுந்ததும் நிறுத்தாதீர்கள். இன்னும் கொஞ்சம் போகட்டும், நடுவில் எழுந்துவிட்டால் நமக்குத்தானே தொல்லை. இறக்கைகள் உடலோடு படியாமல் மேலே விறைத்து நின்றால் ஈ இனி எழாது என்று பொருள். கார்பன் டை ஆக்சைடு தட்டு வைத்திருப்பவர்கள் ஈக்களைப் பரப்பிவிட்டு டீக்குப் போகலாம். திரும்பி வரும்போது உயிரோடு இருப்பவை இருக்கட்டும். பிள்ளை பெறுமா என்பது வேறு கதை.

மயங்கிய ஈக்களைக் குப்பியில் போடும்போது நேராக நிறுத்தி, சோற்றின் மேல் விழும்படி கொட்டுங்கள். குப்பியைச் சாய்த்துவைத்து உலர்ந்த சுவரில் படுக்கவிட்டால் அவை விழித்து நடந்துபோகும். ஈரச் சோற்றில் மல்லாந்து விழுந்தால் இறக்கை ஒட்டி, விழித்தாலும் எழாது. மறுநாள் காலையில், "ஸ்ட்ரெயின் ரொம்ப வீக்கா இருக்கு சார்" என்று சொல்லுங்கள்.

7. கன்னி ஈக்களை முகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

இதுதான் கலையின் உச்சம். பெண் ஈ ஒருமுறை இணைந்தால் போதும். விந்தைச் சேமித்துவைத்துப் பல நாள் முட்டையிடும். எனவே, இணையாத பெண்ணை எடுத்து நீங்கள் நினைக்கும் ஆணோடு விட வேண்டும். 25 டிகிரியில் கூட்டிலிருந்து வெளிவந்த பெண் எட்டு மணி நேரம்வரை இணைவதில்லை. காலையில் பாட்டிலைக் காலி செய்து, எட்டு மணி நேரத்துக்குள் வந்ததை எடுத்தால் அத்தனையும் கன்னி. வெளிறிய உடல், விரியாத இறக்கை, வயிற்றுத் தோலுக்குள்ளே தெரியும் கரும்புள்ளி ஆகியவை கூடுதல் சாட்சிகள்.

ஈ விடிகாலையில் அதிகமாக வெளிவரும் என்பதுதான் சிக்கல். நீங்கள் பத்தரைக்கு வருபவர். வந்து, மெயில் பார்த்து, டீ குடித்து, மதியம் பாட்டிலைத் திறந்து, உள்ளே இருக்கும் பெண்களில் இளமையாகத் தெரிபவற்றைப் பொறுக்குங்கள். இருபது பெண்களுக்கு நடுவே வயிற்று நுனி கறுத்த ஆண் ஒன்று போய்விட்டால் பதற வேண்டாம். ஆணின் முன்காலில் இருக்கும் சீப்புப் போன்ற மயிர்வரிசையைப் பார்த்து உறுதிசெய்யலாம்தான். அதற்கு மைக்ரோஸ்கோப்பின் குவியத்தைத் திருப்ப வேண்டுமே!

எடுத்த பெண்களை நாலு நாள் தனியே வைத்து, குப்பியில் புழு வருகிறதா என்று பார்க்கும் வழக்கமும் உண்டு. புழு வந்தால் அது கன்னி இல்லை. செய்யாதீர்கள். சந்தேகம் குடும்பத்துக்கு ஆகாது.

8. சுருண்ட இறக்கையைக் குளிரில் தேடுங்கள்

ஆபத்தான மரபு மாற்றங்களைத் தலைமுறை தலைமுறையாகக் கலையாமல் காக்கும் பேலன்சர் குரோமோசோம் என்ற ஏற்பாட்டுக்கு வழி வகுத்தவர் ஹெர்மன் முல்லர். எந்த ஈயிடம் அது இருக்கிறது என்று கண்ணால் தெரிய அடையாளம் வைத்திருப்பார்கள்: சுருண்ட இறக்கை, குட்டை மயிர். சுருண்ட இறக்கை குளிரில் வளர்ந்த ஈயில் சரியாகச் சுருளாது. ஆகவே, 18 டிகிரியில் வளர்த்து, இறக்கை நேராக இருக்கும் ஈக்களையெல்லாம் "பேலன்சர் இல்லாதவை" என்று நம்பிக்கையோடு பிரித்துவையுங்கள். ஒரே மாலையில் இரண்டாண்டு உழைப்பைக் கலக்கிவிடும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

9. உண்ணிகளுக்கு விருந்து வையுங்கள்

வெளியிலிருந்து வந்த ஸ்டாக்கைத் தனி அறையில் இரண்டு தலைமுறை வைத்துக் கவனித்த பிறகே உள்ளே சேர்க்கச் சொல்வார்கள். வீடு தேடி வந்தவரை வாசலில் நிறுத்தலாமா? நேரே நடு அலமாரியில் வையுங்கள். அதே பிரஷ்ஷால் அதையும் தொட்டு மற்றதையும் தொடுங்கள். தளர்ந்த பஞ்சு அடைப்பின் வழியே உண்ணி அடுத்த குப்பிக்கு நடந்துபோகும். காலிசெய்யாத பழைய பாட்டில்கள் அலமாரி மூலையில் கிடந்தால் உண்ணிகளுக்கு அது பூர்வீக வீடு.

கூட்டுப்புழுவின் மேல் பொடிப்பொடியாக ஏதோ நகர்வதை ஜூனியர் காட்டுவார்.

"அண்ணா, இதுல என்னமோ ஊருது."

"ஈஸ்ட்டுமா அது. நல்லதுதான்."

10. மறுபிரதி இல்லாமல் இருங்கள்

பாக்டீரியாவை உறையவைத்து ஆண்டுக்கணக்கில் ஃப்ரீசரில் போட்டுவைப்பது போல ஈயைச் சுலபமாகப் போட்டுவைக்க முடியாது. ஒவ்வொரு வம்சமும் ஒரு மனிதக் கை தவறாமல் தட்டி மாற்றுவதால் மட்டும் உயிரோடு இருக்கிறது. க்யோட்டோ பல்கலைக்கழகத்தில் 1954இல் தொடங்கி ஒரு வம்சத்தை முழு இருட்டில் வளர்த்தார்கள். அது 1,400 தலைமுறையைத் தாண்டியது. பெங்களூரில் ஜவாஹர்லால் நேரு மையத்தில் ஓயாத வெளிச்சத்தில் 600 தலைமுறைக்கு மேல் வளர்ந்த ஈக்களை எடுத்துப் பார்த்தார்கள். பகலையும் இரவையும் அறியாத பரம்பரை, கூட்டைவிட்டு வெளிவரும் நேரக்கணக்கை மட்டும் மறக்காமல் வைத்திருந்தது. இப்படிப்பட்ட செய்திகளைப் படிக்காதீர்கள். அத்தனை தலைமுறையையும் யாரோ ஒருவர் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து தட்டியிருப்பார் என்ற எண்ணம் மனத்தைக் கெடுக்கும்.

ஒவ்வொரு ஸ்டாக்கிலும் இரண்டு பிரதி வைத்தே தீர வேண்டும் என்றால் இரண்டையும் ஒரே தட்டில், ஒரே இன்குபேட்டரில் வையுங்கள். செத்தால் சேர்ந்து சாகட்டும். அமெரிக்காவின் புளூமிங்டன் ஸ்டாக் மையத்திலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பார்சல் சுங்கத்தில் காத்திருக்கும் நாட்களில் நீங்கள் இலக்கியத் தேடல் செய்யலாம்.

11. விகிதம் வரும்வரை எண்ணுங்கள்

3:1 வர வேண்டும் என்று முதலிலேயே தெரியும். அது வந்ததும் எண்ணுவதை நிறுத்துங்கள். குறிப்பேட்டில் எழுதாமல் டிஷ்யூ தாளில் எழுதுங்கள். மேசை துடைக்க அது உதவும். ஈ எண்ணும் மேசையில் எண்ணெயோ ஸ்பிரிட்டோ ஊற்றிய ஒரு பாட்டில் இருக்கும். வேலை முடிந்த ஈக்களைத் தட்டும் பிணவறை அது. புரியாத ஈ எது வந்தாலும் முதலில் அங்கே அனுப்புங்கள். சிவப்புக் கண்களுக்கு நடுவே வெள்ளையாக ஏதாவது தென்பட்டால் தயங்கவே வேண்டாம். அட்டவணையில் அதற்குக் கட்டமே கிடையாது.

12. பாட்டிலைப் பார்க்காமல் கழுவுங்கள்

இதில் மட்டும் எச்சரிக்கை தேவை. மார்கனின் அறைக்கு கால்வின் பிரிட்ஜஸ் என்ற மாணவர் பாட்டில் கழுவும் வேலைக்கு வந்தார். கழுவப் போட்ட பாட்டிலின் தடிமனான கண்ணாடி வழியே, மற்ற ஈக்களைவிடப் பளீரென்ற செந்நிறக் கண்ணோடு ஓர் ஈயைக் கண்டுபிடித்துவிட்டார். பிறகு குரோமோசோம் ஆய்வில் பெரிய பெயர் எடுத்தார். ஈயின் உணவையும் வெப்பநிலையையும் ஒழுங்குபடுத்தியவர்களில் அவரும் ஒருவர். எடுபிடியையும் ஆராய்ச்சியாளரையும் ஒரே ஆளாக விட்டதன் விளைவு இது.

உங்கள் ஆய்வகத்தில் அந்த விபத்து நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழுவுபவருக்கு மைக்ரோஸ்கோப் கிடையாது. மைக்ரோஸ்கோப் பார்ப்பவர் பாட்டிலைக் கழுவக் கூடாது. கழுவும்போது "என்ன இது?" என்று கேட்கும் அட்டெண்டரிடம், "ஊத்துங்கண்ணே, நேரமாச்சு" என்று சொல்லுங்கள்.

13. ஆய்வேட்டில் ஒரே வரி எழுதுங்கள்

எல்லாம் முடிந்து ஆய்வேடு எழுதும் நாள் வரும். பூஞ்சை, உண்ணி, மே மாதம், ஊர் ஈ, அடைப்பு மாறிய குப்பிகள் இவற்றையெல்லாம் "செய்முறை" அத்தியாயத்தில் எப்படி அடக்குவது என்று மலைக்காதீர்கள். "ஈக்கள் நிலையான சூழலில், 25 டிகிரியில் பராமரிக்கப்பட்டன" என்று ஒரு வரி போதும். உங்களுக்கு முன் முடித்தவரின் ஆய்வேட்டில் அது தயாராக இருக்கிறது. அவர் தமக்கு முன்னவரிடமிருந்து எடுத்தது. நகலெடுத்து ஒட்டுங்கள்.

வாய்மொழித் தேர்வில் இதைக் கிளறுவார்களோ என்ற பயமும் வேண்டாம். புள்ளியியலைக் கேட்பார்கள், படங்களின் நிறத்தைக் கேட்பார்கள், எதிர்காலத் திட்டத்தைக் கேட்பார்கள். சோறு யார் போட்டது என்று கேட்க, கேட்பவர் ஈ வளர்த்தவராக இருக்க வேண்டும். அப்படி ஒருவர் வந்து உட்கார்ந்தாலும் கவலையில்லை. அவரும் இந்தப் பதின்மூன்று படியும் ஏறித்தான் அந்த நாற்காலிக்கு வந்திருப்பார்.